இந்தியாவில் கல்விக்கான அரசுச் செலவு காலப்போக்கில் கூடியிருக்கிறதா? நாட்டின் மொத்த உற்பத்தியில் 6 சதவீதம் என்ற இலக்கை ஏன் இன்னும் எட்டவில்லை?

கூடியிருக்கிறது, நிறையவே. 1951-52-ல் மத்திய, மாநில அரசுகள் எல்லாம் சேர்ந்து கல்விக்குச் செலவழித்தது நாட்டின் மொத்த உற்பத்தியில் 1 சதவீதம்கூட இல்லை, 0.6-ஐ ஒட்டித்தான். 1970-71 வாக்கில் 2-ஐத் தாண்டி, 1990-91-ல் 3.8, 2000-01-ல் 4.3 வரை வந்தது. அதோடு ஏற்றம் நின்றுவிட்டது. நடுவில் 2004-05-ல் 3.4-க்கு இறங்கி மறுபடி 4-க்கு மேலே வந்தது. 2020 தேசியக் கல்விக் கொள்கை ஆவணமே சொல்லும் கணக்கு 4.43. பொருளாதார ஆய்வறிக்கையில் 2.9 என்று பார்த்தால் குழம்ப வேண்டாம், கல்வித் துறையின் செலவை மட்டும் எடுப்பதா, மற்ற துறைகள் கல்விக்கும் பயிற்சிக்கும் செய்யும் செலவையும் சேர்ப்பதா என்பதைப் பொறுத்து இரண்டு விதமாகவும் வரும்.

அந்த 6 சதவீதம், கல்வியை ஆராய மத்திய அரசு அமைத்த கோத்தாரி குழு 1966-ல் சொன்னது. 1985-86-க்குள் எட்ட வேண்டும் என்றார்கள். 1968 கொள்கையில் வந்தது, 1986 கொள்கையில் வந்தது, 2020-லும் வந்தது. ஏன் எட்டவில்லை என்றால், மத்திய அரசும் மாநிலங்களும் சேர்ந்து வசூலிக்கும் வரியே மொத்த உற்பத்தியில் 17, 18 சதவீதம்தான். அதில் மூன்றில் ஒரு பங்கைக் கல்விக்கு மட்டும் கொடுக்க எந்த நிதியமைச்சரும் துணியவில்லை. இது எல்லாரும் சொல்லும் காரணம், சரியான காரணமும்கூட.

ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு ஒன்று. நான் காரைக்குடிப் பக்கம் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றின் அலுவலகத்தில் வேலை பார்த்தவன், சம்பளப் பட்டியல் தயாரித்துக் கருவூலத்துக்கு அனுப்புவதுதான் பிரதான வேலை. கல்விச் செலவு என்றதும் பலரும் கட்டடத்தைத்தான் நினைக்கிறார்கள். கட்டடம் ஒரு தடவைச் செலவு. மாதாமாதம் போகும் சம்பளம்தான் கல்விச் செலவில் பெரும்பகுதி, அதுதான் பள்ளியை உயிரோடு வைத்திருப்பது.

எங்கள் செட்டிநாட்டை விட இதற்கு நல்ல உதாரணம் கிடைக்காது. பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் வட்டிக்கடை நடத்திய எங்கள் ஊர் வணிகச் சமூகமான நகரத்தார், வரவில் ஒரு பங்கை மகமை என்று தனியாக எடுத்து வைத்துக் கோயிலுக்கும் சத்திரத்துக்கும் பாடசாலைக்கும் கொடுத்தார்கள். இன்றைக்கும் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல் என்று எங்கே போனாலும் அந்தக் கொடையில் எழுந்த பள்ளியைப் பார்க்கலாம். அழகப்பச் செட்டியார் 1947-ல் கல்லூரி தொடங்கினார், மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வருவதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அந்தக் காலத்து 15 லட்சம்! அவர் கொடுக்காவிட்டால் இங்கே அது வந்தே இருக்காது. ஆனால் 1953-ல் திறந்ததிலிருந்து இன்று வரை அங்கே விஞ்ஞானிகளுக்குச் சம்பளம் போடுவது மத்திய அரசின் பணம்.

கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் 1929-ல் தொடங்கிய பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். எண்பது வருடத்துக்கு மேல் நடந்து, சம்பளம் கொடுக்கவே திணறும் நிலைக்கு வந்து, 2013-ல் மாநில அரசு சட்டம் போட்டு எடுத்துக்கொண்டது. கொடையாளர்கள் மேல் எனக்குக் குறையே கிடையாது, அவர்களால்தான் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் படித்தார்கள். தனி மனிதர் எவ்வளவு பெரிய மனதோடு கொடுத்தாலும் சம்பளச் செலவைத் தலைமுறை தலைமுறையாகத் தாங்க முடியாது என்பதைத்தான் சொல்கிறேன். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பர்மாவில் நிலமும் கடையும் போனதும் மகமையும் வற்றிப்போனது. அந்தப் பள்ளிகள் இன்னமும் திறந்திருக்கின்றன என்றால், ஆசிரியர் சம்பளத்தை அரசு மானியமாக ஏற்றுக்கொண்டதுதான் காரணம்.

அதனால் சதவீதம் கூடியதா குறைந்ததா என்பதோடு, பணியிடங்கள் நிரப்பப்படுகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். ஓர் ஆசிரியர் ஓய்வு பெறுகிறார், அந்த இடத்துக்கு அனுமதி வராமல் கோப்பு கிடக்கிறது. அரசுக்கு அந்தச் சம்பளம் மிச்சம். பள்ளியில் என்ன நடக்கும்? நிர்வாகம் சொற்பச் சம்பளத்துக்கு ஒருவரை வைக்கும், அவர்களும் பி.எட். முடித்தவர்கள்தான், அதே வகுப்பைத்தான் எடுக்கிறார்கள், பக்கத்து அறையில் நிரந்தர ஆசிரியர் வாங்குவதில் சிறு பங்குகூட அவர்களுக்குக் கிடைக்காது. இதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு ஆறாது. இன்னொரு பக்கம் பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்ததும் உபரி ஆசிரியர் என்று கணக்கெடுத்துப் பணி நிரவலில் வேறு பள்ளிக்கு மாற்றுவார்கள். 30 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்பது காகிதத்தில் சரி, ஐந்து வகுப்பும் சேர்த்தே 40 பிள்ளைகள் இருக்கும் கிராமத் தொடக்கப் பள்ளியில் இரண்டு ஆசிரியர் ஐந்து வகுப்பையும் எப்படிப் பார்ப்பார்கள்?

யார் கொடுக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். மொத்தச் செலவில் முக்கால் பங்கு போல மாநிலங்களுடையது. 1976-ல் அரசியலமைப்பின் 42-வது திருத்தம் கல்வியை, மத்திய அரசும் மாநிலமும் சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியலுக்குக் கொண்டுபோனது, செலவுச் சுமை மட்டும் மாநிலத்தின் தலையில்தான் இருக்கிறது. 2004-ல் மத்திய அரசு கொண்டுவந்த கல்வி மேல்வரி இன்று சுகாதாரத்தோடு சேர்த்து, கட்டும் வருமான வரியின் மேல் 4 சதவீதம். மேல்வரி என்பதால் மாநிலங்களுக்குப் பங்கு கிடையாது, திட்டம் வழியாகத்தான் திரும்பி வரும். அந்தத் திட்டப் பணத்துக்கும் நிபந்தனை உண்டு. பி.எம். ஸ்ரீ என்ற மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்று 2024-25-ல் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய ஒருங்கிணைந்த கல்வித் திட்ட நிதி 2,152 கோடி நிறுத்தப்பட்டது. அதே காலத்தில் மாநிலம் பள்ளிக் கல்விக்கு ஒதுக்கியது 44,000 கோடிக்கு மேல். சமாளித்துவிடலாம்தானே என்று தோன்றலாம். ஆனால் பெரிய தொகை ஏற்கெனவே சம்பளத்துக்குப் போய்விடும், மத்திய நிதி வராவிட்டால் தடைபடுவது எல்லாம் பயிற்சி, சிறப்புக் குழந்தைகளுக்கான ஆசிரியர்கள், கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கும் 25 சதவீத இடத்துக்கான கட்டணம் மாதிரியானவைதான்.

நீங்களே பார்க்க விரும்பினால் தமிழ்நாடு வரவு செலவுத் திட்டத்தில் மானியக் கோரிக்கை எண் 43-ஐத் திறந்து பாருங்கள், அது பள்ளிக் கல்வி. 2202 என்ற தலைப்பில் வருவது அன்றாடச் செலவு, 4202 மூலதனச் செலவு. இரண்டையும் பத்து வருடத்துக்குப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அறிவித்த தொகையை விட்டுவிட்டு உண்மையில் செலவான தொகையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.