விசைப்படகில் ரேடாரை ஏன் முன்பக்கம் சற்றுச் சாய்த்துப் பொருத்துகிறார்கள்?

ரேடார் என்பது ரேடியோ அலையை அனுப்பி, அது எதிலாவது பட்டுத் திரும்புவதை வைத்துத் தூரத்தையும் திசையையும் காட்டும் கருவி. சிறு படகு ரேடாரின் அலைக்கற்றை பக்கவாட்டில் குறுகல், மேல்கீழாக அகலம். பெரும்பாலும் 25 டிகிரி. நடுக்கோட்டுக்கு மேலே பாதி, கீழே பாதி.

நிற்கும்போது படகு மட்டமாக இருக்கும். வேகம் எடுத்தால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், ரேடாரும் கூடவே அண்ணாந்துவிடும். கற்றையின் வலுவான நடுப்பகுதி வானத்துக்குப் போய், முன்னால் மிதக்கும் சின்ன வள்ளம் மங்கிவிடும். உயிர் போகிற விஷயம் இது.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இரவில் பைக்கில் ஏறியவர்களுக்குச் சட்டென்று புரியும். பின்னால் ஆளும் மூட்டையும் இருந்தால் ஹெட்லைட் மரக்கிளையைக் காட்டும். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் சாலை இருட்டாகவே இருக்கும். சரி, என்ன செய்வோம்? விளக்கைக் கொஞ்சம் கீழே இறக்குவோம்.

இங்கும் அதேதான். வழக்கமாக ஓட்டும் வேகத்தில் படகு எத்தனை டிகிரி தூக்குகிறது என்று முதலில் அளக்க வேண்டும். கைப்பேசியின் சாய்வுமானியே போதும். 4 டிகிரி என்றால், ரேடாருக்கு அடியில் 4 டிகிரி ஆப்புத்தட்டு. கண்மதிப்பில் வைக்காதீர்கள்.

சாய்த்தால் படகு நிற்கும்போது தூரத்தில் இருப்பது தெரியாது என்று பலர் நினைக்கிறார்கள். நடுக்கோட்டுக்கு மேலே 12.5 டிகிரி இருப்பதால், 4 குறைந்தாலும் அடிவானம் கற்றைக்குள்ளேயே இருக்கும்.