டோர்னமென்டில் எத்தனை தடவை பிளஃப் அடிக்கலாம்?

கேள்வி: கோவா போய் நேரடி போக்கர் டோர்னமென்ட் ஆடுபவன் நான். ரிவரில், அதாவது கடைசிப் பொதுச் சீட்டு விழுந்தபின், கட்டும் பந்தயத்தில் மூன்றில் ஒன்று பிளஃப்பாக, அதாவது நல்ல சீட்டு இல்லாமலே மிரட்டுவதாக, இருக்க வேண்டும் என்று கோச் சொன்னார். அப்படி ஆடினால் பரிசு தொடங்கும் முன்பே வெளியே வந்துவிடுகிறேன். உண்மையில் எத்தனை தடவை அடிக்கலாம்?

பதில்: நடுவில் குவிந்திருக்கும் தொகை (பாட்) எவ்வளவோ அவ்வளவே பந்தயம் கட்டினால் மூன்றில் ஒன்று, அதில் பாதி கட்டினால் நாலில் ஒன்று. கணக்கில் தப்பில்லை. ஆனால் அது உங்கள் ஆட்டத்தைக் கவனித்துப் பதில் ஆட்டம் ஆடுகிற கெட்டிக்காரருக்கு எதிரான கணக்கு. உங்கள் மேஜையில் இருப்பவரோ வார விடுமுறைக்கு வந்தவர், ஒரு ஜோடி கிடைத்தால் கீழே வைக்கவே மாட்டார், அவரிடம் ஒரு தடவைகூட அடிக்காதீர்கள். ஃபோல்ட் பண்ணி விலகத் தெரிந்தவரிடம் மட்டும்தான் பிளஃப். பாட் 6,000 சிப்பாக இருக்க நீங்கள் 3,000 போட்டால், மூன்று தடவையில் ஒரு தடவை அவர் விட்டுக்கொடுத்தாலே நஷ்டமில்லை. டோர்னமென்டில் தோற்கிற சிப்புக்கு ஜெயிக்கிற சிப்பைவிட மதிப்பு அதிகம் என்பதால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக நம்பிக்கை வேண்டும், அவ்வளவுதான். கையில் இருக்கும் சிப் 12 பிக் பிளைண்டுக்கு (சீட்டைப் பார்க்கும் முன்பே முறைவைத்துப் போடும் கட்டாயத் தொகை) கீழே வந்துவிட்டால் ரிவர் பிளஃப்பை மறந்துவிடுங்கள். பிளைண்டை இவ்வளவு வேகமாக ஏற்றினால் எல்லோரும் சீக்கிரமே அந்த நிலைக்கு வந்துவிடுகிறார்கள், நடத்துகிறவர்களுக்கு மேஜை காலியானால் போதும்.

ஒரே ஒரு விதிவிலக்கு, பபிள். பரிசுக்கு இன்னும் இரண்டு மூன்று பேர் வெளியேற வேண்டிய நேரத்தில் உங்களிடம் பெரிய ஸ்டாக், அதாவது சிப் குவியல், இருந்தால் தாராளமாக அடிக்கலாம், ஆனால் யாரிடம் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மூன்று பிளைண்ட் மட்டும் வைத்திருப்பவரிடம் அடிக்காதீர்கள். அவருக்கு இனி இழக்க ஒன்றுமில்லை, எதை வைத்தாவது உங்கள் பந்தயத்துக்கு ஈடு கட்டி கால் பண்ணிவிடுவார். நடுத்தர ஸ்டாக்காரர்தான் பயப்படுவார், ஏனென்றால் சின்ன ஸ்டாக்காரர் போகும்வரை காத்திருந்தாலே அவருக்குப் பரிசு உறுதி. நீங்களே நடுத்தர ஸ்டாக் என்றால் இது எதுவும் உங்களுக்கு இல்லை. பெரிய ஸ்டாக்காரர் ஒருவர் உங்களுக்கு எதிரே இருந்தால் சுத்தமாக இல்லை.

கோச்கள் எல்லோரும் 2003 போக்கர் உலகத் தொடர் வீடியோவைப் போட்டுக்காட்டுவார்கள். கிறிஸ் மனிமேக்கர் வெறும் ராஜா ஒன்றை உயரச் சீட்டாக வைத்துக்கொண்டு எல்லா சிப்பையும் தள்ளினார், ஒன்பதாம் எண் சீட்டில் ஒரு ஜோடி வைத்திருந்த சாம் ஃபர்ஹா ஃபோல்ட் பண்ணினார். அப்போது மேஜையில் மிச்சம் இரண்டே பேர். பொதுச் சீட்டில் மூன்று ஸ்பேட் கிடந்தது, எதிராளி கையில் இன்னும் இரண்டு ஸ்பேட் இருந்தால் ஜோடி தோற்றுவிடும். அதைப் பார்த்துப் பயப்படத் தெரிந்தவர் ஃபர்ஹா. அதை உங்கள் முதல் மணி நேரத்துக்குப் பாடமாக விற்பது மோசடி.

அப்புறம், கட்டணப் பயிற்சியோடு ஸ்டேக்கிங் ஒப்பந்தமும் நீட்டுவார்கள், ஜாக்கிரதை. நுழைவுத் தொகையை கோச் கட்டுவார், லாபத்தில் பங்கு கேட்பார், பழைய நஷ்டம் மேக்கப் என்ற பெயரில் உங்கள் தலையில் ஏறிக்கொண்டே போகும், அது தீர்ந்தால்தான் உங்கள் கையில் காசு. கண்டபடி பிளஃப் அடிக்கச் சொல்லிக் கொடுத்ததே அவர், கணக்கு உங்கள் பெயரில். பழகுவதற்கு என்று கிளப் ஆப் (தனிக் குழுவாகப் பணத்துக்கு ஆடும் செயலி) லிங்க் அனுப்பும் ஏஜெண்டைத் தொடவே தொடாதீர்கள். பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே சட்டம் நிறைவேற்றிவிட்டது. ஆனாலும் டெலிகிராமில் சிப் விற்கிறவன் பாட்டுக்கு விற்றுக்கொண்டுதான் இருக்கிறான், போட்ட பணம் திரும்பாவிட்டால் எந்தக் காவல் நிலையத்தில் போய் என்னவென்று புகார் எழுதுவீர்கள்?