777 கொடுத்தும் 403 வருகிறது, எஸ்இலினக்ஸை நிற்பாட்டலாமா?

யாழ்ப்பாணத்தில் ஒரு கடைக்கு ராக்கி லினக்ஸில் வெப் சர்வர் போட்டு, கோப்புகளுக்கு 777 (எல்லோருக்கும் எல்லா அனுமதியும்) கொடுத்த பிறகும் வெப் சர்வர் மென்பொருளான அப்பாச்சி 403 (அணுக அனுமதி இல்லை) காட்டுகிறது, லினக்ஸின் கூடுதல் பாதுகாப்பு அடுக்கான எஸ்இலினக்ஸை நிற்பாட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அந்த 777-ஐயும் முதலில் எடுத்துவிடுங்கள்.

வழமையான அனுமதிகளைக் கோப்பின் சொந்தக்காரரே மாற்றலாம். எஸ்இலினக்ஸ் விதியை அப்படி மாற்ற முடியாது, அதை லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் அமுல்படுத்துகிறது, ரூட்டாக (முழு அதிகாரமுள்ள பயனராக) ஓடும் ஒரு சேவையை யாராவது கைப்பற்றினாலும் அந்தச் சேவைக்கு எழுதிய எல்லைக்குள்தான் நிற்க வேண்டும் (கெர்னலிலேயே ஓட்டை என்றால் வேறு கதை).

உங்கள் சிக்கல் பெரும்பாலும் லேபல்தான், அதாவது எஸ்இலினக்ஸ் முடிவெடுக்கப் பார்க்கும், கோப்போடு ஒட்டியிருக்கும் அடையாளம். ஹோம் அடைவிலிருந்து எம்வி கட்டளையால் நகர்த்திய கோப்பு பழைய லேபலோடேயே வரும், சிபி போட்டு நகலெடுத்தால் பொதுவாகப் போன இடத்தின் லேபல் கிடைக்கும். லேபலை அந்த இடத்துக்குரியதாகத் திருத்தும் ரீஸ்டோர்கான் கட்டளையை ஓடவிடுங்கள், சரிவரும். வழமையான வெப் அடைவு இல்லாமல் வேறு இடம் என்றால் முதலில் செமேனேஜ் கட்டளை கொண்டு அந்தப் பாதைக்குரிய லேபலைப் பதிய வேண்டும். சும்மா லேபலை நேரடியாக மாற்றும் சிஎச்கான் கட்டளை போட்டால் அடுத்த ரீலேபலோடு போய்விடும்.

அப்படியும் மறுத்தால் கொஞ்ச நேரம் பெர்மிசிவ் நிலையில் (தடுக்காமல் பதிவு மட்டும் செய்யும் நிலை) விட்டு ஆடிட் லாக்கைப் பாருங்கள், அந்தப் பதிவுகளிலிருந்து அனுமதி விதி எழுதித் தரும் ஆடிட்2அலோ கருவியின் விதியை வாசிக்காமல் ஏற்ற வேண்டாம். உபுண்டு என்றால் இந்த லேபல் தலையிடியே இல்லை, அங்கே எஸ்இலினக்ஸுக்குப் பதிலாக இருக்கும் ஆப்ஆர்மர் கோப்பின் பாதையை வைத்துத்தான் முடிவெடுக்கும்.