புதிய கலப்புக் குடியிருப்பில் எந்த வேலை முதலில்?

வீடுகளும் கடைகளும் அலுவலகங்களும் சேர்ந்த புதிய குடியிருப்பொன்றை யாழ்ப்பாணத்தில் கட்டங்கட்டமாக அமைப்பதாயின் எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டடங்களுக்கு முன்னர் நீருக்கும் கழிவுநீருக்கும் வழி செய்ய வேண்டும் என்பதே எனது உறுதியான பதில்.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவும் இல்லை; மாரிமழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி, உவர்நீரின் மேல் நன்னீர்ப் படையாகத் தங்குகிறது. குடாநாட்டிலுள்ள ஆழமான நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இதற்குக் கண்கண்ட சாட்சி. ஆகவே இரண்டு பரப்பு (உள்ளூர் நில அளவு) கொண்ட சிறிய காணிக்குள் கிணற்றையும் மலசலகூடக் குழியையும் அருகருகே வைத்து வீடுகளை நெருக்கினால், குழியின் கசிவு அதே வெடிப்புகள் வழியே கிணற்றை அடைந்து, குடிநீரில் நைத்திரேற்று என்னும் மாசைக் கூட்டும். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறும்.

எனவே பொதுவான கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, வெள்ளவாய்க்கால், தூர்வாரிய குளம், வீதிகளுக்கான ஒதுக்கீடு ஆகியன முதற்கட்டத்திலேயே முடிய வேண்டும். வெள்ளம் தேங்கும் தாழ்ந்த வயலை நிரவி முதலில் விற்றுவிடுவது பெருந்தவறு. அங்கே தேங்கும் நீர்தான் கோடையில் கிணறுகளைக் காக்கிறது. முதல் வீடுகளுடன் பலசரக்குக் கடையும் மருந்துக் கடையும் பஸ் தரிப்பிடமும் போதும். அலுவலகங்களும் பெரிய கடைகளும் குடிசனம் பெருகிய பின்னர் வரலாம். அதுவும் ஒரு மாரியும் ஒரு கோடையும் கிணற்று நீரைச் சோதித்துப் பார்த்த பின்னரே.