மணி அடித்தால் விளக்கு அணையும்: வாசகர் கேள்வி – பதில்

குன்னூரில் 1988 முதல் 2004 வரை ரெக்கார்டிங் சென்டரும் வீடியோ கேசட் கடையும் நடத்தியவர், டிவியில் வரும் அமெரிக்க மல்யுத்தம், ராக் இசை பற்றிய வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: எல்லாமே முன்கூட்டிப் பேசி வைத்த சண்டை. யார் ஜெயிப்பார் என்று அவர்களுக்கே தெரியும். இதை எப்படி சார் இத்தனை வருடமாகச் சலிக்காமல் பார்க்கிறீர்கள்?
– வாசகர், அரவங்காடு

பேசி வைத்ததுதான் சார். அதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. 1989-ல் நியூஜெர்சி மாநில செனட்டில் இந்த ஆட்டங்களை நடத்திய டபிள்யூ.டபிள்யூ.எஃப். நிறுவனமே 'இது போட்டி இல்லை, கேளிக்கை' என்று ஒப்புக்கொண்டது. விளையாட்டுப் போட்டிகளுக்கு உண்டான கட்டுப்பாடும் வரியும் தங்கள் தலையில் விழக்கூடாது என்பதற்காகச் சொன்னார்கள்.

என் அம்மா பிறந்தது திருவண்ணாமலைப் பக்கம். கோடை விடுமுறைக்குப் போனால் அங்கே பாரதக் கூத்து நடக்கும். கடைசியில் படுகளத்தில் துரியோதனன் சாவான் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் துகில் உரியும் இரவில் துச்சாதனன் வேடம் கட்டியவர் மேல் என் பாட்டி மண்ணை வாரித் தூற்றினாள். மறுநாள் காலையில் அதே ஆளை எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்துக் கூழ் ஊற்றியதும் அவள்தான். மல்யுத்தத்தைப் பார்க்க எனக்குக் கற்றுக் கொடுத்தவள் பாட்டி என்றே சொல்வேன்.

ஜெயிக்கிறவரை விட விழுகிறவரைத்தான் நான் கவனிப்பேன். 1987 மார்ச் 29, பாண்டியாக் சில்வர்டோம் அரங்கம். ஆந்த்ரே த ஜெயன்ட்டை ஹல்க் ஹோகன் தூக்கிப் போட்ட அந்தக் காட்சியை நம்மூரிலும் பார்க்காதவர்கள் குறைவு. ஆந்த்ரேயின் எடை 520 பவுண்டு என்று அறிவித்தார்கள், ஏறக்குறைய 236 கிலோ. அந்த உடம்பு மனசு வைக்காமல் யாராலும் அதை அசைக்க முடியாது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்னால்தான் அவருக்கு முதுகில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. உடைக்குள்ளே முதுகுப் பட்டை கட்டிக்கொண்டு வந்து நின்றார். இன்னொருவன் பெரிய ஆளாக வேண்டும் என்பதற்காக அந்த முதுகோடு கீழே விழுந்தார். ஆறு வருடத்தில், 46 வயதில், இறந்தும் போனார். ஹோகன் ஜெயித்த ஆட்டம் என்று எல்லாரும் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். அது ஆந்த்ரே கொடுத்த ஆட்டம்.

'ரிங்கில் பஞ்சு மெத்தை போட்டிருக்கிறார்கள்' என்று கடையில் வாதம் செய்கிறவர்கள் உண்டு. இரும்புச் சட்டம், மேலே பலகை, அதற்கு மேல் மெல்லிய ஒரு விரிப்பு, கித்தான். அவ்வளவுதான் ரிங். 1998 ஜூன் 28 அன்று பிட்ஸ்பர்க்கில் மிக் ஃபோலியை ரிங்கை மூடி நின்ற 16 அடி உயரக் கூண்டின் உச்சியிலிருந்து அண்டர்டேக்கர் தள்ளிவிட்டார். அது பேசி வைத்தது. ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோன ஃபோலி எழுந்து வந்து மறுபடியும் மேலே ஏறினார். இந்தத் தடவை கூண்டின் கூரையே பிய்த்துக்கொண்டு ரிங்குக்குள் விழுந்தார். கூரை பிய்ந்தது யாரும் பேசி வைக்காதது. உடைந்த பல் ஒன்று மூக்குக்குள் போய் நின்றது. அப்புறமும் ஆட்டத்தை முடித்துவிட்டுத்தான் போனார். இதைப் பொய் என்று சொல்ல எனக்கு நா வரவில்லை சார்.

கேள்வி: அண்ணா, நான் ராக் கேட்டால் 'தகரத்தை உருட்டுகிற சத்தம்' என்கிறார் அப்பா. அவருக்கு எதை முதலில் போட்டுக் காட்டலாம்?
– கல்லூரி மாணவர், கோத்தகிரி

தம்பி, அப்பா தகரம் என்று சொன்னது எவ்வளவு பொருத்தம் என்று அவருக்கே தெரியாது. பர்மிங்ஹாமில் ஒரு தகடு வெட்டும் தொழிற்சாலையில் டோனி அயோமி என்ற 17 வயதுப் பையன் வேலை பார்த்தான். கிட்டார் வாசிக்கப் போகிறேன் என்று வேலையை விட்ட கடைசி நாளில், இயந்திரத்தில் மாட்டி வலது கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போயின. இடது கைப் பழக்கக்காரன், தந்தியை அழுத்துவதே அந்த வலது கைதான். முடிந்தது என்று எல்லாரும் நினைத்தபோது தொழிற்சாலை மேலாளர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். தீயில் கருகிய கையில் இரண்டே விரலால் கிட்டார் வாசித்த மேதை அவர். அயோமி ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்தார், மேலே தோல் ஒட்டினார். விரல் வலிக்காமல் இருக்க மெல்லிய தந்தி மாட்டினார். பிற்பாடு சுருதியையும் இறக்கித் தந்தியைத் தளர்த்தினார். அவர் வாசித்த பிளாக் சபாத் குழுவின் அந்தக் கனத்த, இருண்ட ஒலிக்கு இதெல்லாம்தான் காரணம்.

என் சித்தப்பாவுக்கு டீ ஃபேக்டரியில் ரோலரில் சிக்கி ஆள்காட்டி விரல் பாதி போனது. ராக் என்றால் கடையை விட்டு வெளியே போய்விடுகிற ஆள். ஒரு மழை நாளில் அயோமியின் கதையைச் சொல்லிவிட்டு ஹெட்ஃபோனை மாட்டிவிட்டேன். ஒரு பக்கம் முழுதும் அசையாமல் கேட்டார். முடிந்ததும் 'எந்த இடத்தில் அந்த விரல் வருகிறது?' என்று கேட்டார். மறுபடியும் போட்டோம்.

உன் அப்பாவுக்கும் சபாத்தின் முதல் இசைத்தட்டையே போடு. 1970-ல் வந்தது, ஒரே நாளில் பதிவு செய்தது. மழைச் சத்தத்தோடும் தூரத்து மணியோசையோடும் தொடங்கும். கோத்தகிரியில் ஜூலை மாதச் சாயங்காலம் அதைக் கேட்டால் தனியாக விளக்கம் தேவைப்படாது. வேகமான மெட்டல் வகை ராக் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அப்புறம் முக்கியமாக, ஃபோன் ஸ்பீக்கரில் போடாதே. தகரச் சத்தம் அதிலிருந்துதான் வருகிறது.

கேள்வி: மல்யுத்தத்துக்கும் ராக் இசைக்கும் என்ன சம்பந்தம்? இரண்டையும் ஒன்றாகவே பேசுகிறீர்களே?
– வாசகர், வெலிங்டன்

நான் சேர்க்கவில்லை, அவர்களே சேர்த்ததுதான். ரெஸில்மேனியா என்பது டபிள்யூ.டபிள்யூ.எஃப். வருடா வருடம் நடத்திய பெரிய நிகழ்ச்சி. 1985-ல் அது முதல் தடவை நடந்தபோதே பாடகி சிண்டி லாப்பர் ரிங் ஓரம் நின்றார். அடுத்த வருடம் பிரிட்டிஷ் புல்டாக்ஸ் ஜோடிக்குத் துணையாக, பிளாக் சபாத்தில் பாடிய ஆஸி ஆஸ்பர்ன் வந்தார். ஆந்த்ரே விழுந்த அதே நாளில் மல்லர் ஜேக் ராபர்ட்ஸ் பக்கம் ராக் பாடகர் ஆலிஸ் கூப்பர் இருந்தார். 2001-ல் ஹூஸ்டனில் மல்லர் டிரிபிள் எச் நடந்து வர, மோட்டார்ஹெட் ராக் குழு மேடையிலேயே வாசித்தது. 2015 கடைசியில் அந்தக் குழுவின் பாடகர் லெம்மி இறந்தபோது நினைவுக் கூட்டத்தில் அதே டிரிபிள் எச் நின்று பேசினார்.

ஆனால் எனக்குச் சம்பந்தம் புரிந்தது கடையில் இருந்த 21 இன்ச் டிவியில். அண்டர்டேக்கர் வரும்போது முதலில் மணி அடிக்கும். உடனே அரங்கத்தில் விளக்கு அணையும், திரை முழுக்கக் கறுத்துவிடும். முதல் தடவை பார்த்த பையன்கள் 'கரன்ட் போச்சு' என்று கத்தினார்கள். குன்னூர் மழைக்காலத்தில் வேறு எதை நினைப்பார்கள்? நீல வெளிச்சத்தில் அவர் மெதுவாக நடக்கத் தொடங்கியதும் கடையில் ஒருவரும் பேசவில்லை. சோபினின் சாவு ஊர்வல இசையை ஒட்டி ஜிம் ஜான்ஸ்டன் அமைத்தது அந்த இசை. 'ஸ்டோன் கோல்டு' ஸ்டீவ் ஆஸ்டினுக்குக் கண்ணாடி உடையும் சத்தத்தை வைத்தவரும் அவரே. ஒரு மனிதன் இன்னும் உள்ளே வரவேயில்லை, ஒரு மணியும் ஒரு கண்ணாடியும் ஆயிரக்கணக்கான பேரை எழுப்பி நிறுத்துகின்றன. கிட்டாரின் முதல் தந்தி மீட்டும்போது கச்சேரியிலும் இதுவே நடக்கிறது. 2007 மார்ச்சில் அயர்ன் மெய்டன் ராக் குழுவைப் பார்க்க கூடலூர், மைசூர் வழியாக பஸ்ஸில் பெங்களூர் போனேன். அரண்மனை மைதானத்தில் விளக்கு அணைந்த அந்த நொடியில் எனக்கு ஞாபகம் வந்தது கடையில் கத்திய பையன்கள்தான்.

கேள்வி: நம் இந்திய மல்லர்கள் கிரேட் காளி, தாரா சிங். யார் உசத்தி?
– வாசகர், கூடலூர்

தாரா சிங். காளி 2007-ல் உலகப் பட்டம் வென்றபோது கடைவீதியில் எல்லாரோடும் சேர்ந்து நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் மல்யுத்தம் என்று வந்தால் தாரா சிங்தான்.

கேள்வி: ஹல்க் ஹோகன் இறந்த செய்தி கேட்டு அழுதீர்களா?
– வாசகர், எல்லநள்ளி

2025 ஜூலை 22 அன்று ஆஸி ஆஸ்பர்ன் போனார். இரண்டு நாள் கழித்து, 24-ம் தேதி, ஹோகன். ஆஸிக்கு அழுதேன். ஜூலை 5 அன்று சொந்த ஊரான பர்மிங்ஹாமில் கடைசியாகப் பாடினார். பார்க்கின்சன் நோயால் நிற்க முடியவில்லை, ஒரு கறுப்புச் சிம்மாசனத்தில் உட்கார்ந்துதான் பாடினார். எழுந்துவிட அந்த உடம்பு முயன்றுகொண்டே இருந்தது. அயோமியும் பிளாக் சபாத்தின் மற்ற இருவரும் கூடவே வாசித்தார்கள். அடுத்த 17-ம் நாள் முடிந்துவிட்டது.

ஹோகனுக்கு அழ முடியவில்லை. கறுப்பின மக்களைப் பற்றி அவர் கேவலமாகப் பேசிய ஒலிப்பதிவு 2015-ல் வெளியானது. மல்யுத்த நிறுவனம் அவரை விலக்கியது, மூன்று வருடத்தில் மறுபடி சேர்த்துக்கொண்டது. மன்னிப்பும் கேட்டார். நான் எஸ்டேட் லைன் வீட்டில் வளர்ந்தவன். பிறப்பை வைத்துப் பேசுகிற பேச்சு எங்கே போய்க் குத்தும் என்று தெரியும். அவர் படம் போட்ட காலண்டரை 2015-லேயே சுவரிலிருந்து எடுத்துவிட்டேன். கேசட்டை மட்டும் வைத்திருக்கிறேன், ஆந்த்ரேவுக்காக.

கேள்வி: அண்ணா, என் 7 வயது மகன் பீரோ மேலிருந்து தம்பி மேல் குதிக்கிறான். டிவியை நிறுத்திவிடட்டுமா?
– வாசகி, கேத்தி

நிறுத்த வேண்டாம் தங்கச்சி. ஆனால் குதிப்பதை இன்றைக்கே நிறுத்துங்கள். அதட்டினால் நீங்கள் இல்லாதபோது குதிப்பான், அதனால் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லுங்கள். தாடையை நெஞ்சில் ஒட்டி, முதுகு தட்டையாகப் பட, இரண்டு கையையும் தரையில் அடித்து விழுவதற்கு மட்டுமே அவர்கள் மாதக் கணக்கில் பயிற்சி எடுக்கிறார்கள். அப்படிப் பழகியவர்களுக்கே தவறுகிறது. 1997 ஆகஸ்டில் ஓவன் ஹார்ட் தலைகீழாகப் பிடித்து இறக்கியதில் ஸ்டீவ் ஆஸ்டினின் கழுத்து அடிபட்டு, சிறிது நேரம் கை கால் அசையவில்லை. 1999 மே 23 அன்று கான்சாஸ் சிட்டியில் அதே ஓவன் ஹார்ட்டைக் கூரையிலிருந்து கயிற்றில் இறக்கும்போது பிடி விட்டுக் கீழே விழுந்து இறந்தார். அன்றைக்கு நிகழ்ச்சியை நிறுத்தாமல் நடத்தினார்கள். அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

பையனுக்கு மல்யுத்த ட்ரம்ப் கார்டு ஒரு கட்டு வாங்கிக் கொடுங்கள். உயரம், எடை, மார்பளவு, ரேங்க் என்று தம்பியோடு உட்கார்ந்து ஆடட்டும். என் கடையில் விற்ற பொருளிலேயே வீட்டில் எலும்பு முறியாமல் இருக்க உதவியது அதுதான்.

கேள்வி: அந்தக் காலத்துக் கேசட்டுகள் இன்னும் இருக்கின்றனவா?
– வாசகர், கொடைக்கானல்

பாதிக்கு மேல் பூஞ்சை தின்றுவிட்டது. மலையில் இருக்கிறவர் நீங்கள், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மிச்சம் இருப்பவற்றை மர அலமாரியில் வைத்து, ஈரம் தங்காமல் இருக்க உள்ளே ஒரு 40 வாட் பல்பு எரிய விடுகிறேன்.

எனக்கு ராக் கொடுத்தவர்கள் இங்குள்ள விடுதிப் பள்ளிப் பையன்கள். வெளிநாட்டிலிருந்து வந்த கேசட்டைக் கொண்டுவந்து, நண்பர்களுக்கு நகல் எடுத்துத் தரச் சொல்வார்கள். எனக்கும் ஒரு நகல் வைத்துக்கொள்வேன். 1991 டிசம்பரில், லீவுக்குக் கிளம்புகிற அவசரத்தில் ஒருவன் சபாத் கேசட் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனான். லீவு முடிந்து வாங்கிக்கொள்கிறேன் என்றான், வரவில்லை. டிடிகே கம்பெனியின் 90 நிமிடக் கேசட். அட்டையில் நீலப் பேனாவால் பாட்டுகளின் வரிசை, ஓரத்தில் சின்னதாக ஒரு மணியின் படம். நகல் எடுத்துத் தயாராக வைத்திருக்கிறேன். இதைப் படித்தால் வரட்டும், மணி வரைந்தது யார் என்று அடையாளம் சொன்னால் போதும். பதிவுக் கூலி வேண்டாம்.