மூட்டையில் போனால் சில்லறை திரும்பி வரும்

கேள்வி: எங்கள் அபார்ட்மெண்டில் சுமார் 40 பிள்ளைகள். காட்டு விலங்குகளுக்காக உண்டியல் வைத்துச் சில்லறை சேர்க்க ஆசைப்படுகிறார்கள். போன வருஷம் சேர்த்த மூட்டையை வங்கியில் வாங்கவில்லை. ஆறு மாதம் பரணில் கிடந்தது. இந்த முறை எப்படிச் செய்யலாம்?
- ஒரு வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: நாணயத்தை வாங்க மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி எல்லாக் கிளைகளுக்கும் சொல்லியிருக்கிறது. ஆனால் கலந்துகட்டிய மூட்டையைக் கண்டால் எந்தக் காசாளருக்கும் எரிச்சல்தான் வரும். வகை வாரியாக, பைக்கு 100 நாணயம் என்று பாலிதீன் பையில் போட்டுக் கட்டுங்கள். ரிசர்வ் வங்கியே வசதி என்று சொல்லும் முறை இது. மாத முதல் வாரத்தைத் தவிர்த்து, முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். அதற்கும் முன்னால் பக்கத்து மளிகைக் கடை, பேக்கரி, மெடிக்கல் ஷாப்பில் கேட்டுப் பாருங்கள். பாதி அங்கேயே நோட்டாகிவிடும்.

சமையலறைத் தராசில் நிறுத்து எண்ண வேண்டாம். 2011 வரிசை ஒரு ரூபாய் 3.79 கிராம், 2019 வரிசை 3.09 கிராம். இரண்டும் கலந்திருந்தால் நூற்றுக்கு இருபது வரை பிசகும். பத்துப் பத்தாக அடுக்குங்கள். பிள்ளைகளோடு இரண்டு பெரியவர்கள் உட்கார்ந்து, அன்றே நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும்.

இன்னொரு சிக்கல், ஜிபே வந்தபின் வீட்டில் சில்லறையே இல்லை. மாதக்கணக்கில் உண்டியல் வைத்தால் சோர்ந்துபோவார்கள். இரண்டு வாரம் போதும், கடைசி நாளில் ஒரு வேடிக்கை இருக்கட்டும். வளர்ந்த ஆண் புலி மூக்கிலிருந்து வால் நுனிவரை ஏறக்குறைய 3 மீட்டர். பார்க்கிங் தரையில் கோலமாவால் அந்த நீளத்துக்குப் புலி வரைந்து, முதுகுக் கோட்டில் நாணயம் அடுக்கச் சொல்லுங்கள். பத்து ரூபாய் நாணயத்தின் அகலம் 27 மில்லிமீட்டர். 111 நாணயத்தில் புலி முடியும், 1,110 ரூபாய். வால் பாதியில் நின்றால் பாட்டிமார் சுருக்குப் பை தானாகத் திறக்கும். தவழும் குழந்தைகளை மட்டும் அந்தப் பக்கம் விடாதீர்கள், காசை விழுங்கிவிடும்.

பெற்றோர் 500 ரூபாய் அனுப்பினால் தனிக் கணக்கில் வையுங்கள். பிள்ளையின் ஐந்து ரூபாயோடு அது போட்டி போடக் கூடாது. யார் எவ்வளவு என்ற பட்டியலும் வேண்டாம். தெருவில் உண்டியல் குலுக்க அனுப்பவே கூடாது.

பணம் யாருக்கு என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். பன்னேர்கட்டா உயிரியல் பூங்காவில் விலங்கைத் தத்தெடுக்கலாம்; ஆனால் அந்தப் பணம் பூங்கா விலங்கின் பராமரிப்புக்கு, காட்டு யானைக்கு அல்ல. அந்த வித்தியாசம் பிள்ளைகளுக்குப் புரியும், மறைக்காதீர்கள். காட்டுக்கே போக வேண்டுமென்றால் பதிவுபெற்ற பாதுகாப்பு அமைப்புக்குக் கொடுங்கள். எதுவானாலும் காசோலையாகவோ வங்கி வழியாகவோ கொடுத்து ரசீது வாங்குங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிச்சலுகை இல்லை.

நாலணா வந்தால் ஒதுக்கிவிடுங்கள், 2011 ஜூன் மாதத்தோடு அது செல்லாமல் போயிற்று. எட்டணா இன்றும் செல்லும், கடைக்காரர் முகம் சுளித்தாலும்.