தொங்கும் தொட்டியில் தண்ணீர் எங்கே போகிறது?

கேள்வி: அடுக்குமாடியில் மூன்றாவது தளம், மேற்குப் பார்த்த பால்கனி. துணி காயப்போட்டது போக இடம் இல்லாததால் இரண்டு தொங்கும் தொட்டி வாங்கி, நர்சரியில் கொடுத்த தக்காளி நாற்றை வைத்தேன். தினமும் காலையில் தண்ணீர் விட்டும் செடி வாடிக்கொண்டே இருக்கிறது. என்ன செய்வது? வேறு எதை வைக்கலாம்?
- வாசகி, அம்பத்தூர்

பதில்: நாளைக் காலை தண்ணீர் விட்டதும் தொட்டியின் அடியைப் பாருங்கள். விட்ட வேகத்திலேயே கீழே ஒழுகினால், செடிக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். தொங்கும் தொட்டிகளைப் பெரும்பாலும் தென்னை நார்க்கழிவு போட்டுத்தான் நிரப்புகிறார்கள். எடை குறைவு என்பதால் அது சரிதான், ஆனால் ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் அது தண்ணீரை எளிதில் உள்ளே விடாது, சுருங்கி ஓரத்தில் இடைவெளி விட்டுவிடும், நீங்கள் ஊற்றுவது எல்லாம் அந்த இடைவெளி வழியாக இறங்கிவிடும். விரலை நடுவில் விட்டுப் பாருங்கள், உள்ளே பொடிப்பொடியாக உலர்ந்திருக்கும்.

தொட்டியைக் கழற்றி, ஒரு வாளித் தண்ணீரில் பாதிக்கு மேல் முங்கும்படி அரை மணி நேரம் வையுங்கள். குமிழி வருவது நின்றால் கலவை நனைந்துவிட்டது. தண்ணீரை வடியவிட்டுப் பிறகு மாட்டுங்கள், கீழ்வீட்டுத் துணியில் சொட்டினால் வீண் சண்டை. எல்லாப் பக்கமும் காற்று படுவதால் இந்தத் தொட்டி தரைத் தொட்டியைவிட வேகமாகக் காயும். மேற்கு வெயில் வேறு. அதனால் கோடையில் காலை, மாலை இரண்டு வேளையும் தண்ணீர் வேண்டும்.

அடுத்தது தக்காளி. சாதாரண நாட்டுத் தக்காளியோ ஹைபிரிட்டோ, இரண்டுக்கும் இந்த மண் போதாது. ஈரம் ஏறி இறங்கினால் பழத்தின் அடிப்பக்கம் கறுத்து அழுகும். தக்காளியைத் தரையில் பெரிய பையில் வையுங்கள். தொங்கவிட வேண்டும் என்றே ஆசையிருந்தால் படர்ந்து தொங்கும் செர்ரி தக்காளி ரகம் மட்டும்.

எனக்குக் கேட்டால் புதினாவில் தொடங்கச் சொல்வேன். சமையலுக்கு வாங்கிய கட்டிலேயே தடித்த தண்டாக ஐந்தாறு எடுத்து, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, டம்ளர் தண்ணீரில் நிறுத்துங்கள். கணுக்களிலிருந்து வெள்ளை வேர் ஓரிரு வாரத்தில் வந்துவிடும். வந்ததும் நட்டுவிடலாம். நுனியைக் கிள்ளக் கிள்ளப் பக்கக்கிளை விட்டு, விளிம்பைத் தாண்டித் தொங்கும். பொன்னாங்கண்ணியையும் இப்படித் தண்டிலேயே வளர்க்கலாம். வல்லாரைக்கு ஈரமும் நிழலும் பிடிக்கும், பால்கனியின் உள்பக்கக் கொக்கியில் மாட்டுங்கள். வெயில் நேராக அடிக்கும் இடத்துக்குக் கொடிப்பசலை, ஓமவல்லி. முருங்கை, கத்தரி எல்லாம் இதில் வேண்டவே வேண்டாம்.

கலவைக்கு நார்க்கழிவு இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, செம்மண் ஒரு கை. கட்டியாக வாங்கும் நார்க்கழிவில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்துவிட்டுப் பயன்படுத்துங்கள். தண்ணீர் அடிக்கடி வடிவதால் சத்தும் கூடவே போய்விடும், ஆகவே பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஒரு லிட்டர் தண்ணீரில் 30 மி.லி. பஞ்சகவ்யம் கலந்து ஊற்றுங்கள்.

எடையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 12 அங்குலத் தொட்டி நனைந்தால் பத்துக் கிலோவைத் தொட்டுவிடும். துணிக்கொடியில் ஒருபோதும் மாட்டாதீர்கள், கான்கிரீட்டில் துளை போட்டு ஃபாஸ்ட்னர் கொக்கி அடியுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் கழற்றித் தரையில் வைத்துவிட வேண்டும்.

கேள்வி: ஸ்ட்ராபெர்ரி நாற்று வாங்கித் தொங்கவிடலாமா?
- வாசகர், மதுரை

பதில்: வேண்டாம். அது குளிர் கேட்கும் செடி, சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில் நன்றாக வருவது மதுரை வெயிலுக்கு நிற்காது. மார்கழி, தையில் கொஞ்சம் காய்க்கலாம், சித்திரையில் கருகிவிடும். அந்தக் காசுக்கு ஒரு புதினாக் கட்டும் ஒரு பை மண்புழு உரமும் வாங்குங்கள்.